சாய்த்து வைக்காத கோப்பு

ரூல்ஸ்காரி என்று அவளுக்குப் பேர் வைத்தது யார் என்று கேட்டால் இன்றைக்கும் எங்கள் கட்டடத்தில் ஒருத்தரும் கையைத் தூக்கமாட்டார்கள். அவள் வீட்டுக்காரரே வைத்ததுதான் என்று பேச்சு. வைத்திருந்தாலும் தப்பில்லை. பாலில் கடைசி டம்ளரை ஊற்றிக்கொள்கிறவர்தான் அடுத்த பாக்கெட் வாங்கி வரவேண்டும், குளித்துவிட்டு வருகிறவர் பக்கெட்டைக் கவிழ்த்துவிட்டு வரவேண்டும் என்றெல்லாம் ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டிய குடித்தனம் அது. அந்த மனுஷர் எதிர்த்துப் பேசும் ஜாதி இல்லை. ஒவ்வொரு நாளும் பாக்கெட்டின் மூலையில் ஒரு மடக்கு பாலை மிச்சம் வைத்துவிட்டு நிம்மதியாகக் காபி குடித்தார். கடைசி டம்ளர் எப்போதும் அவள் தலையில்தான் விடிந்தது. ஊருக்கே ரூல் எழுதுகிறவளுக்கு சொந்த அடுப்படியில் இருக்கிற ஓட்டை தெரியவில்லையே என்று படிக்கட்டில் சிரித்துக்கொள்வார்கள்.

ஊருக்கே என்பது கொஞ்சம் கூடுதல்தான். குடியிருப்பு அலுவலகத்துக்கு எழுதினாள். இந்தக் கட்டடம் மாதிரி நாற்பது கட்டடங்களை அந்த அலுவலகம் வாடகைக்கு விட்டிருக்கிறது. யாருக்கு எந்த வீடு, யார் மாடியிலிருந்து கீழே வரலாம், யார் ஒற்றை அறையிலிருந்து இரட்டை அறைக்குப் போகலாம் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். முன்பு கோப்புகள் மேசை மேசையாக நடந்தன. சில கோப்புகள் நடந்தன, சில நொண்டின, சில உட்கார்ந்த இடத்திலேயே வேர்விட்டன. அதை ஒழித்துக்கட்ட ஒரு கம்பெனி வந்தது. கம்பெனி அனுப்பிய ஆள் இவள்.

தன் வேலையைப் பற்றி யார் கேட்டாலும் சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள். "இனிமே யாரும் எதையும் தள்ள வேணாம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பதிவு. அதுல ஒரு கட்டம் மாறினா போதும். அந்தக் கட்டத்தையே பார்த்துக்கிட்டிருக்கிற ரூல் தானா எழுந்து வேலையைச் செய்யும். அது இன்னொரு கட்டத்தை மாத்தும். அதைப் பார்த்து அடுத்த ரூல் எழும்."

"பிரசவ வார்டு மாதிரி. ஒண்ணு அழுதா எல்லாம் அழும்" என்பார் அவளுடைய அத்தான்.

அத்தான் என்றால் அக்கா வீட்டுக்காரர். அதே கட்டடத்தில் நாலாம் மாடி. முப்பத்தோரு வருஷம் பஸ் கண்டக்டராக நின்றே பிழைத்தவர். ஓய்வு பெற்ற கையோடு இரண்டு முழங்காலும் ஓய்வு வாங்கிக்கொண்டன. லிஃப்ட் கிடையாது. ஐம்பத்தாறு படி. காலையில் அரைமணி எடுத்து இறங்குவார், படிக்கட்டின் அடியில் கேரம் போர்டு போட்டிருக்கும் மூன்று பேரோடு உட்கார்வார், மத்தியானம் முக்கால் மணி எடுத்து ஏறுவார். ஏறும்போது ஒவ்வொரு மாடியிலும் நின்று, "எறங்குறவங்க எறங்குங்க, ஏறுறவன் மூச்சு வாங்கிக்கிறான்" என்று குரல் கொடுப்பார். அந்தக் குரல் கேட்டால் மணி பன்னிரண்டு என்று சாதம் வடிக்கிற வீடுகள் உண்டு.

கீழ்த்தள வீடு கேட்டு அக்கா விண்ணப்பம் போட்டு ஆறு வருஷம். நகர்ந்து நகர்ந்து வரிசையில் முதல் நம்பர் ஆகியிருந்தது. அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர் அந்த வருஷத்துக்குள் மகன் வீட்டோடு போய்ச் சேரப்போகிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். அக்காவுக்கு எல்லாருக்கும் முன்னாலேயே தெரியும். ஒருநாள் அளவு டேப்போடு அவர் வீட்டுக்கே போய், "சும்மா ஒரு நிமிஷம் அண்ணே" என்று ஜன்னலை அளந்துகொண்டு வந்துவிட்டாள். ஆள் இன்னும் காலி பண்ணவில்லை, இங்கே பச்சைத் துணி வாங்கித் திரை தைத்தாகிவிட்டது. கடிகாரக்காரர், "நான் இருக்கேனா போயிட்டேனா?" என்று நாலு பேரிடம் கேட்டார்.

இது இப்படி இருக்க, அலுவலகத்தில் ரூல்ஸ்காரி எட்டு மாதமாக ரூல்களைத் திரட்டிக்கொண்டிருந்தாள். ரூல்கள் எல்லாம் இருந்தது ஒரே ஒரு தலைக்குள். கோப்புப் பிரிவைப் பார்த்துக்கொண்ட பெண்மணியின் தலை அது. எந்நேரமும் வாயில் ஒரு கிராம்பை ஒதுக்கிவைத்திருப்பதால் அவளுக்குக் கிராம்பு என்றே பேர். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஒருத்திக்கு மற்றவளைக் கண்டால் ஆகாது. இவள் கேட்பாள், அவள் கிராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிவிட்டுப் பதில் சொல்வாள், இவள் நோட்டில் எழுதுவாள். நாற்பத்தோரு ரூல் தேறியது.

ஒருநாள் இரும்பு அலமாரியைப் பார்த்து இவள் கேட்டாள்.

"எல்லாம் நேரா நிக்குது, அந்த நாலு கோப்பு மட்டும் ஏன் சாய்ஞ்சிருக்கு?"

"சாயல மேடம். சாய்ச்சு வச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"இப்போதைக்குத் தொடாதேன்னு அர்த்தம். எனக்கு நானே சொல்லிக்கிறது."

"புரியல."

"ஒரு வீட்டுல அம்மா படுத்த படுக்கை. கீழ் வீடு கேட்டு வருஷக்கணக்கா நிக்கிறாங்க. நடுவுல பையன் வேலை கிடைச்சுப் போயிட்டான். ஆள் குறைஞ்சா பழைய விண்ணப்பம் செல்லாது, புதுசு போட்டுக் கடைசியில போய் நிக்கணும். உங்க நோட்டுல பதினேழாவது ரூல், நான் சொன்னதுதான். அந்தம்மா கடைசியில போய் நின்னா நம்பர் வர்றவரைக்கும் இருக்குமா? அதனால பையன் போயிட்டான்னு குடுத்த தாளை வாங்கி உள்ளே வச்சிட்டுக் கோப்பைச் சாய்ச்சிருவேன். சாவி கைக்குப் போனதும் நிமித்துவேன்."

"அப்ப அதுவரைக்கும் தகவல் தப்பா இருக்குமே!"

"தப்பு இல்ல மேடம். லேட்டு."

ரூல்ஸ்காரிக்குச் சிரிப்பு வந்தது. "யாருக்குச் சாய்க்கிறது, யாருக்கு வேணாம்னு எதை வச்சு முடிவு பண்றீங்க?"

"மூஞ்சியைப் பார்த்தா தெரியாதா?"

"சரி, அந்த நாலாவது கோப்பு? அது யாரு, படுத்த படுக்கையா?"

கிராம்பு கன்னம் மாறியது. "அது வேற. அந்தாளு என்னை 'ஏய், இந்தாம்மா'ன்னு சொடக்குப் போட்டுக் கூப்பிட்டான். மூணு மாசம் சாய்ஞ்சு கிடக்கட்டும்."

போதாதா? ரூல்ஸ்காரி நோட்டில் எழுதினாள்: சாய்ந்த கோப்புகள் – தனி ஆள் இஷ்டம். ரூல் அல்ல. இரண்டு கோடு வேறு போட்டாள். அன்று சாயங்காலம் அக்கா வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அத்தானும் சிரித்தார். அக்கா மட்டும், "முதல் மூணு பேருக்கு நல்லதுதானேடி செஞ்சிருக்கா" என்றாள். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதற்கப்புறம் இரண்டு மாதத்தில் அக்கா மகளுக்குக் கல்யாணமாகி, அவள் புருஷனோடு தனிக்குடித்தனம் போனாள். அதற்கப்புறம் மூன்று வாரத்தில் புது ஏற்பாட்டை அலுவலகத்தில் திறந்து காட்டும் நாள் வந்தது.

பெரிய அதிகாரி வந்திருந்தார். அவரோடு ஆறேழு பேர். கோப்புப் பிரிவின் நடுவில் திரை கட்டி, நாற்காலி போட்டு, கிராம்பைக் கடைசி வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். ரூல்ஸ்காரி பேசினாள். நன்றாகத்தான் பேசினாள். பழைய தேதி போட முடியாது, இஷ்டப்பட்ட ஆளை முன்னால் நகர்த்த முடியாது, அதிகாரியே நினைத்தாலும் வரிசையில் கைவைக்க முடியாது, பதிவில் யார் கைவைத்தாலும் அந்தக் குடும்பத்துக்கு உடனே மெசேஜ் போகும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அதிகாரி தலையாட்டினார்.

"பேச்சு சரி. ஓடுறதைக் காட்டுங்க" என்றார். "பொய்த் தகவல் வேணாம், நிஜமாவே ஒண்ணு மாத்திக் காட்டுங்க. ரூல் எழுந்திருக்குதா பார்ப்போம்."

நிஜமாக மாறிய தகவல் ஒன்று வேண்டும். அந்தச் சமயத்தில் அவள் மனசில் வந்தது ஒன்றே ஒன்றுதான். அக்கா வீட்டில் ஆள் மூன்றிலிருந்து இரண்டாகியிருக்கிறது, பதிவில் இன்னும் மூன்று என்றே நிற்கிறது. இத்தனை பேர் முன்னால் தன் சொந்த அக்கா வீட்டுப் பதிவே சரியில்லாமல் நிற்பது அவளுக்கு உறுத்தியது. சரிபண்ணினதாகவும் ஆச்சு, காட்டினதாகவும் ஆச்சு. பதிவைத் திறந்தாள். மூன்றை அழித்து இரண்டு என்று போட்டாள்.

கடைசி வரிசையில் கிராம்பு பாதி எழுந்தாள். "மேடம், அது கீழ் வீடு கேட்ட…"

"கேள்வியெல்லாம் கடைசியில" என்றாள் ரூல்ஸ்காரி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கிராம்பு உட்கார்ந்துவிட்டாள்.

எழுந்தன. ஒன்றன்பின் ஒன்றாக நாலு ரூல்கள், அழகாக, பச்சை டிக் போட்டுக்கொண்டு எழுந்தன. ஆள் எண்ணிக்கை மாறியது, டிக். அறைக் கணக்கு மாறியது, டிக். பழைய விண்ணப்பம் முடிந்தது, டிக். புது விண்ணப்பம் இன்றைய தேதியில் திறந்தது, டிக். மொத்தம் மூன்று விநாடி. கை தட்டினார்கள். அதிகாரி, "இதுக்கு முன்னாடி இதே வேலைக்கு நாலு மாசம் ஆகும்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அந்தப் பக்கத்தின் அடியில், பார்ப்பவர் கண்ணை உறுத்தக் கூடாதென்று அவளே சின்ன எழுத்தில் வைத்த ஒரு வரி இருந்தது. வரிசை எண்: 58.

அதை அவள் சாயங்காலம்தான் பார்த்தாள். எல்லாரும் போனபிறகு, தட்டில் மிஞ்சின பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு, தன் சாதனையை இன்னொரு தடவை ரசிக்கத் திறந்தபோது. பிஸ்கட் வாயில் அப்படியே நின்றது.

மறுநாள் காலையில் அதிகாரி அறை வாசலில் முதல் ஆளாக நின்றாள். அவர் அன்பாகத்தான் கேட்டுக்கொண்டார்.

"ஆள் ரெண்டுங்கிறது உண்மைதானே?"

"உண்மைதான் சார்."

"மறுபடி மூணுன்னு போட்டா?"

"பொய் சார். போட்டாலும் பழைய தேதி திரும்ப வராது சார். போன தேதியை ஏத்துக்காது."

"என் கையெழுத்துல?"

அவள் கையிலிருந்த நோட்டை மூடினாள்.

"நீங்கதானேம்மா எழுதினீங்க, என் கையும் உள்ளே போகக் கூடாதுன்னு. நேத்து அதைச் சொல்றப்ப நான்தான் முதல்ல கை தட்டினேன்" என்றார் அவர். வருத்தமாகவும் சொன்னார், கொஞ்சம் நிம்மதியாகவும் சொன்னார். சிபாரிசுக்கு வருகிற அத்தனை பேரையும் இனி இப்படியே திருப்பி அனுப்பலாம் இல்லையா?

வெளியே வந்தவள் கோப்புப் பிரிவுக்குப் போனாள். அலமாரிகளைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். கிராம்பு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து நாடாக்களை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து ஏன் உட்கார்ந்துட்டீங்க? கத்தியிருக்கலாமே?"

"கேள்வி கடைசியிலன்னு சொன்னீங்க. கடைசியில போட்டோ எடுத்தாங்க." நாடாவைச் சுற்றிக்கொண்டே கேட்டாள். "யாரு அது? வேண்டப்பட்டவங்களா?"

"எங்கக்கா."

கிராம்பு வாயிலிருந்த கிராம்பைத் துப்பிவிட்டாள். அவள் அதைத் துப்பி அலுவலகத்தில் யாரும் பார்த்ததில்லை. "அய்யய்யோ" என்றாள். "நான் சாய்ச்சு வச்சிருப்பேனே."

அக்காவிடம் சொல்லாமல் முடியுமா? அன்றைக்கே ஏறிப் போய்ச் சொன்னாள். ஆனால் எப்படிச் சொன்னாள் என்பதுதான் விஷயம். "சிஸ்டம் மாத்திடுச்சுக்கா. கல்யாணம் ஆயிடுச்சுல்ல, அதனால தானா அம்பத்தெட்டுக்குப் போயிடுச்சு." சிஸ்டம் என்றாள், தானா என்றாள். மூன்றை அழித்த விரலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "அப்படியா" என்றாள். அத்தான் மட்டும், "அம்பத்தெட்டா? படியை விட ரெண்டு அதிகம்" என்றார்.

இரண்டு மாதத்தில் கடிகாரக்காரர் காலி செய்தார். வரிசையில் அப்போது முதல் நம்பராக இருந்த கம்பவுண்டர் குடும்பத்துக்குச் சாவி போனது. அவர் அம்மாவுக்கு இரண்டு கண்ணும் தெரியாது, முன்பு மூன்றாம் மாடியில் இருந்தவர்கள். திட்டுவதற்குக்கூட வழியில்லாத நல்ல மனுஷர்கள். கட்டடத்தில் பத்து நாள் பேசிப் பார்த்தோம், ருசிக்கவில்லை, விட்டுவிட்டோம்.

அத்தான் இறங்குவது தினம் என்பது வாரம் மூன்றாச்சு, பிறகு ஒன்றாச்சு. இந்த வருஷத்துக்குள் எப்படியும் கீழே போய்விடுவோம் என்று இருந்தவரைக்கும் அந்தக் கால்களில் ஏதோ ஒரு தெம்பு இருந்திருக்கிறது. ஒருநாள் இரண்டாம் மாடியில் உட்கார்ந்தவரை இரண்டு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டுபோய் மேலே விட்டார்கள். அப்புறம் இறங்கவே இல்லை. கேரம் போர்டில் மூன்று பேரே ஆடினார்கள். பன்னிரண்டு மணி ஆனது தெரியாமல் இரண்டு வீட்டில் சாதம் குழைந்தது.

ரூல்ஸ்காரி இதற்கிடையில் சும்மா இருக்கவில்லை. நாற்பத்திரண்டாவது ரூல் எழுதினாள். நடக்க முடியாதவர் இருக்கிற வீட்டில் ஆள் குறைந்தால், விண்ணப்பத்தைத் தொடாமல் நிறுத்திவை, காரணம் எழுதிவை, வீடு கிடைத்தபிறகு மாற்று. கிராம்பைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே எழுதினாள். சொடக்குப் போட்டவனுக்கு அதில் இடமில்லை என்பதில் கிராம்புக்குக் கொஞ்சம் குறைதான். அந்த ரூலால் முதல் மாதமே ஏழு குடும்பம் தப்பித்தது. ஆனால் எந்தப் புது ரூலும் எழுதிய நாளுக்கு முந்தி நடந்ததைத் தொடாது. அதுவும் அவள் எழுதி வைத்ததுதான், ஐந்தாவது ரூல்.

அதற்குள் அவளுக்கு உடம்பு இளைத்துவிட்டது. அக்கா முன்பு போலவே பேசினாள், குழம்பு கொடுத்து அனுப்பினாள், ஆனால் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. எட்டு மாதம் காது வலிக்கக் கேட்டவள் ஏன் கேட்பதில்லை என்று யோசிக்க ரூல்ஸ்காரிக்குப் பயமாக இருந்தது. வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தாள். அவர், "போய்ச் சொல்லிடு. இப்படியே மிச்சம் வச்சுக்கிட்டு இருந்தா புளிச்சுப் போகும்" என்றார். பால் விஷயத்தில் அவருக்கு அனுபவம் உண்டே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஐம்பத்தாறு படியும் ஏறினாள். அத்தான் ஜன்னலோரம் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அந்த நம்பர் தானா மாறல. நான்தான் மாத்தினேன். அதிகாரிக்குக் காட்டுறதுக்காக, எல்லாரும் பார்த்துக்கிட்டிருக்கிறப்ப, நான்தான் ரெண்டுன்னு போட்டேன். கிராம்பு எழுந்து சொல்ல வந்தா. உட்காரச் சொல்லிட்டேன்."

அக்கா ஒரு சட்டையின் கையை உள்ளே மடித்து, காலரை நேராக்கி, அடுக்கில் வைத்தாள்.

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"மெசேஜ் வந்துச்சே. யாரு கைவச்சாலும் வீட்டுக்கு மெசேஜ் போகும்னு நீதானே பெருமையா சொன்ன? உன் பேரு, தேதி, நேரம் எல்லாம் இருந்துச்சு. பதினொண்ணு இருபது. நான் அப்ப கடையில வெங்காயம் பொறுக்கிட்டிருந்தேன்."

ரூல்ஸ்காரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்கா கேட்கல?"

"நீயா சொல்லுவன்னு பார்த்தேன். மறுநாளே வந்த. சிஸ்டம்ன. சரி, பதட்டத்துல சொல்றா, நாளைக்குச் சொல்லுவான்னு பார்த்தேன். சாவி குடுத்த அன்னைக்குச் சொல்லுவன்னு பார்த்தேன். இவரைத் தூக்கிட்டு வந்தாங்களே, அன்னைக்காவது வந்து சொல்லுவன்னு பார்த்தேன்." அடுத்த துணியை எடுத்தாள். "அப்புறம் பார்க்கிறதை விட்டுட்டேன்."

"வீடு போச்சேன்னு…"

"வீட்டை விடுடி. வீடு போனா போகுது."

தூங்குகிறவர் மாதிரி இருந்த அத்தான் கண்ணைத் திறக்காமலே பேசினார். "நானும் ஒரு தடவை ஒரு அம்மாவை ஸ்டாப் மாத்தி எறக்கிவிட்டுட்டேன். கையில மூட்டை. இதுதான் நீங்க கேட்ட ஸ்டாப்னு நானே கையைப் பிடிச்சு எறக்கினேன். விசில் அடிச்ச அப்புறம்தான் தெரியுது. கூட்டம், வண்டியை நிறுத்தல. அந்தம்மா எங்கே போச்சு, என்ன ஆச்சு, ஒண்ணும் தெரியாது. இருபது வருஷம் ஆச்சு." அப்புறம், "இப்ப எதுக்கு அது ஞாபகம் வருது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

கீழே கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் அடிபடும் சத்தம் மட்டும் லேசாகக் கேட்டது.

ரூல்ஸ்காரி கிளம்பியபோது அக்கா அலமாரியைத் திறந்து ஒரு பையை எடுத்து நீட்டினாள். உள்ளே பச்சைத் திரை, மடிப்புக் கலையாமல்.

"போறப்ப கீழ் வீட்டுல குடுத்துட்டுப் போ. அவங்க ஜன்னல்ல பழைய வேட்டியைக் கட்டியிருக்காங்களாம், வெயில் அடிக்குதாம். இங்கே வச்சு நான் என்ன பண்ணப் போறேன்?"

"நானாக்கா?"

"பின்னே? இவரையா அனுப்ப முடியும்?"

அவள் இறங்கினாள். கீழ் வீட்டில் கம்பவுண்டர் இல்லை. அவர் மனைவி கூச்சத்தோடு வாங்கிக்கொண்டாள். கண் தெரியாத அம்மா கட்டிலிலிருந்து கையை நீட்டித் துணியை வாங்கி, ஓரத் தையலை விரலால் தடவிப் பார்த்தார்.

"கைத்தையல் மாதிரி இருக்கே. என்ன கலரும்மா?"

"பச்சை."

"யாரு தைச்சது?"

"நாலாம் மாடியில. எங்கக்கா."

"எங்க வீட்டு ஜன்னல் அளவு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

மருமகள் அதற்குள் ஸ்டூல் போட்டு ஏறி, வேட்டியை அவிழ்த்துவிட்டுத் திரையைக் கம்பியில் கோத்து இழுத்துவிட்டாள். ஒரு விரற்கடை கூடவில்லை, ஒரு விரற்கடை குறையவில்லை. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கச்சிதமாக நின்றது.